செஞ்சியில் நமக்கு ராஜா இல்லை

2025 ஜூலையில், ஒரே மாதத்தில், தமிழ்ப் பெருமிதத்துக்கு இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று இனித்தது. இன்னொன்று கசந்தது.

இனித்த செய்தி கங்கைகொண்ட சோழபுரத்தினுடையது. ராஜேந்திர சோழனின் கடற்படையெடுப்புக்கு 1000 ஆண்டு நிறைவு, ஆடித் திருவாதிரை விழா, இந்தியப் பிரதமரே வந்திருந்தார். கடாரம் நம்ம ஊராச்சே! அந்த வாரம் வாட்சாப்பில் வந்து குவிந்த புலிக்கொடிப் படங்களை அழித்து முடிக்கவே எனக்கு ஒரு ராத்திரி பிடித்தது. கசந்த செய்தி அதற்கு இரண்டு வாரம் முன்னால் பாரிஸிலிருந்து வந்தது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு 12 கோட்டைகளை ஒரே தொகுதியாகத் தன் பட்டியலில் சேர்த்தது. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. தொகுதிக்கு வைத்த பெயர் 'மராத்திய இராணுவ நிலக்காட்சிகள்'.

"செஞ்சி எப்படி பாஸ் மராட்டியன் கோட்டையாகும்? கோனார் கட்டினது அது" என்று நண்பர் ஒருவர் கொதித்தார். நிறைய வாசிப்பவர். தஞ்சாவூருக்கு நான்கு முறை போய்வந்தவர். செஞ்சிக்குப் போனதில்லை. "அங்க என்ன இருக்கு, நம்ம ராஜா யாரும் இல்லையே" என்று அவரே முன்பொரு முறை சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. போவதற்கு நம்முடையது இல்லை, அடுத்தவன் பெயர் எழுதினால் மட்டும் உடனே நம்முடையது. இவர் ஒருவரின் விநோதம் என்றால் நான் கட்டுரை எழுதமாட்டேன். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் 'வரலாற்றுப் பயணம்' என்று கிளம்பும் குழுக்கள் போகும் ஊர்களின் வரிசையைப் பாருங்கள். தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், நேரமிருந்தால் மாமல்லபுரம். 2022இல் பொன்னியின் செல்வன் படம் வந்த பிறகு இந்த வரிசை இன்னும் இறுகிப்போனது.

இரண்டு செய்திக்கும் நாம் காட்டிய முகம் வேறு. அடியில் இருக்கும் ஆசை ஒன்றுதான். இடிந்த இடத்துக்குப் போனாலும் அங்கே நமக்கு ஒரு ராஜா வேண்டும், அவன் மீசையில் நம் முகம் தெரிய வேண்டும். செஞ்சி அதைத் தராது. அதனால்தான், மலேசியத் தமிழ் வாசகன் தமிழ்நாட்டில் ஒரே ஒரு கோட்டையைப் பார்ப்பதென்றால் அது செஞ்சியாக இருக்க வேண்டும் என்கிறேன்.

முதலில் பெயர்ச் சண்டையை முடித்துவிடுவோம். சிவாஜி செஞ்சியைப் பிடித்தது 1677இல். முகலாயர் படை ராஜாராமிடமிருந்து அதைப் பறித்தது 1698இல். நடுவில் 21 ஆண்டு. அந்த 21 ஆண்டில் சிவாஜியின் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. மதிலைப் பெருக்கினார்கள், அகழி வெட்டினார்கள். அந்த வேலையின் வேகத்தை ஏசு சபைப் பாதிரியார்கள் கடிதத்தில் வியந்து எழுதியிருக்கிறார்கள். ராய்கட்டை முகலாயர் முற்றுகையிட்டபோது ராஜாராம் தப்பி ஓடிவந்து ஒதுங்கியதும் இங்கேதான். மராத்திய அரசு உயிர் பிழைத்திருந்த இடம் செஞ்சி. எனவே மராத்திய வரலாற்றில் செஞ்சிக்குப் பெரிய இடம் உண்டு. செஞ்சியின் வரலாற்றில் மராத்தியர் ஓர் அத்தியாயம். இரண்டும் உண்மை. ஓர் அத்தியாயத்தின் பெயரைப் புத்தகத்துக்கே வைத்தது தப்பு என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

ஆனால் பதிலுக்கு நாம் தூக்கிப் பிடிக்கும் 'கோனார் கட்டினது' எந்த லட்சணத்தில் இருக்கிறது? 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆடு மேய்த்த குலத்து ஆனந்தக் கோன் மலையில் புதையல் கண்டு கோட்டை எழுப்பினான், அவன் பெயரால் ஆனந்தகிரி, கிருஷ்ணக் கோன் பெயரால் கிருஷ்ணகிரி என்று சொல்வது 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்'. அது எழுதப்பட்டது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆனந்தக் கோனுக்கு 600 ஆண்டு கழித்து. கதை பொய் என்று நான் சொல்லவரவில்லை. மேய்ச்சல்காரர்கள் குறுநிலத் தலைவர்களாக உயர்ந்தது தென்னிந்தியாவில் நடக்காத சங்கதியும் அல்ல. ஆனால் இன்று செஞ்சியில் நம் கண்ணில் படும் மதிலும் மண்டபமும் பெரும்பாலும் விஜயநகர, நாயக்கர் காலத்தவை, மிச்சம் அதற்கும் பிந்தியவை. விஜயநகரத்துக்கும் நாயக்கருக்கும் அடுத்து 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர் சுல்தான். பிறகு சிவாஜி. பிறகு ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான். அவருக்குப் பின் புந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரர். அவர்களை ஒழித்த ஆற்காட்டு நவாப். 1750இல் ராத்திரியோடு ராத்திரியாக ஏறிப் பிடித்த பிரெஞ்சுக்காரர். 1761இல் பாண்டிச்சேரி விழுந்த கையோடு ஆங்கிலேயர். 1780இல் கொஞ்ச காலம் ஹைதர் அலி. தெலுங்கு, தக்கணி, மராத்தி, பாரசீகம், பிரெஞ்சு, ஆங்கிலம் எல்லாம் உத்தரவு போட்ட கோட்டை. இந்த நீண்ட வரிசையில் தமிழ் பேசும் ராஜா வேண்டும் என்று தேடினால், 600 ஆண்டு பிந்தி எழுதிய கதையில் வரும் ஓர் ஆட்டிடையன்தான் கிடைப்பார். அவர்மேல் எவ்வளவு பாரத்தைத்தான் ஏற்றுவது?

ராஜா இல்லையென்றால் தமிழர்களே இல்லையா? இருந்தார்கள். மதிலுக்குக் கீழே இருந்தார்கள்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை கோட்டைக்குள் புகுந்து வெளியே போகிறது. பேருந்தில் தூங்கிக்கொண்டே போகிறவர்களுக்கு மதிலைக் கடந்தது தெரியாது. மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திராயன் துர்க்கம். மூன்று மலையையும் பிணைத்துக்கொண்டு ஓடும் மதில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். மலை என்றால் பசுமையாகக் கற்பனை செய்யாதீர்கள். நம் கேமரன் மலை மாதிரி எதுவும் இல்லை. யாரோ மேலிருந்து கொட்டியதுபோல் உருண்டைப் பாறைகள், இடுக்கில் முள்செடி, பாறையிலிருந்து கிளம்பும் சூடு. குரங்குகள் கையிலுள்ள பையைப் பிடுங்கும். ராஜகிரி உயரம் சுமார் 240 மீட்டர், கருங்கல் படி, நடக்கப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்றரை மணிநேரம். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்து ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் மேல் சின்னப் பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் உச்சி தனித்தீவு. பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் இந்தக் கோட்டையைக் கீழ்த்திசையின் டிராய் என்று சொன்னதில் ஆச்சரியமில்லை.

மேலே ரங்கநாதர் கோயில், ஒரு பீரங்கி, களஞ்சியம். எல்லோரும் பீரங்கிமேல் கை வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எதிரி வருவதைத் தூரத்திலேயே பார்க்கத்தான் இவ்வளவு உயரத்தில் கட்டினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். சரிதான். ஆனால் எதிரி எப்போதாவது வருவான். தினமும் தெரிவது வயல். எந்த ஏரி நிரம்பியிருக்கிறது, எந்தப் பக்கம் நெல் முற்றிவிட்டது, எங்கே அறுப்பு தொடங்கிவிட்டது என்பதெல்லாம் அங்கிருந்து பளிச்சென்று தெரியும். கீழ்க்கோட்டையிலுள்ள களஞ்சியத்தைப் பார்த்துவிட்டு மேலே ஏறியவனுக்கு அந்தக் காட்சி வேறு மாதிரித்தான் படும். தடித்த சுவரும் வளைவுக் கூரையுமாக இருட்டான கட்டடம். வருகிறவர்கள் உள்ளே போய் ஒரு சத்தம் போட்டு எதிரொலி கேட்டுவிட்டுக் கல்யாண மகாலைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். கல்யாண மகால் அழகான கட்டடம், நடுவில் குளம், ஒருபக்கம் அடுக்கடுக்காக உயரும் கோபுரம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செஞ்சியின் நடுப்பொருள் அது இல்லை. களஞ்சியம்தான். கிருஷ்ணகிரி உச்சியில்கூடக் களஞ்சியம் கட்டியிருக்கிறார்கள். கீழே விளைந்த நெல்லை மூட்டையாக யாரோ அந்தப் படிகளில் தூக்கிக்கொண்டு ஏறியிருக்க வேண்டும். வெறும் கையோடு ஏறியே எனக்கு மூச்சு வாங்கியது.

1690இல் முகலாயர் முற்றுகை தொடங்கி 1698 வரை எட்டு ஆண்டு இழுத்தது. உள்ளே ராஜாராம், வெளியே சுல்பிகார் கான். இதைப் போர்க்கதையாக எழுதினால் நன்றாக ஓடும், எல்லாம் இருக்கிறது. சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரண்டு மராத்தியத் தளபதிகள் வெளியிலிருந்து வந்து முற்றுகையிட்ட படையையே முற்றுகையிட்டார்கள். ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷ் எதிரியோடு பேரம் பேசினான் என்று சொந்தப் படையே அவனைக் கைது செய்தது. தானியம் வரும் வழி அடைபட்டு, பட்டினியால் முகலாயர் முகாமைக் கலைத்துக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் தப்பித்துவிட்டார். இளவரசன், துரோகம், தப்பியோட்டம் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் பேரரசின் படைக்கே தானியம் கிடைக்காத வருஷத்தில் செஞ்சியைச் சுற்றியிருந்த குடியானவன் வீட்டில் என்ன வெந்தது? எட்டு ஆண்டு இரண்டு படைகளும் அவர்கள் நிலத்தின்மேல்தான் உட்கார்ந்திருந்தன. படையோடு இருந்து பாரசீகத்தில் நினைவுகளை எழுதிய பீம்சேன் தளபதிகளைப் பற்றி நிறையச் சொல்கிறார். குடியானவன் எதையும் எழுதிவைக்கவில்லை.

இதே முற்றுகைக் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. மலேசியத் தமிழன் செஞ்சியைப் பற்றி ஒரே ஒரு சேதி தெரிந்துகொள்வதென்றால் இதைத் தெரிந்துகொள்ளலாம். 1690இல் ராஜாராமின் தரப்பு கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் சென்னையிலிருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றது. கோட்டையோடு எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை. கம்பெனி விவரமானது. நல்ல பெரிய பீரங்கியாகப் பார்த்து வரவழைத்துச் சுற்றிலும் சுட்டது. குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றுவிட்டது. முதல் நாள் மராத்தியர் குடியாகப் படுத்தவன் குண்டு அவன் வயலைத் தாண்டி விழுந்ததால் கம்பெனிக் குடியாக எழுந்தான். அவனைக் கேட்டு யாரும் சுடவில்லை. அந்தக் கோட்டைக்குக் கம்பெனி வைத்த பெயர் புனித டேவிட் கோட்டை. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது அங்கிருந்துதான் கம்பெனி தன் சோழமண்டலக் கரை வியாபாரத்தை நடத்தியது. 1801இல் கர்நாடகம் முழுக்கக் கம்பெனி கைக்கு வந்து செஞ்சியும் கடலூரும் தென்னாற்காடு ஜில்லா ஆயின.

தென்னாற்காடு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் சிலருக்காவது காது விடைக்க வேண்டும். மலாயாவின் கரும்பு, காப்பி, ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த ஜில்லாக்களில் வடஆற்காடும் தென்னாற்காடும் முன்வரிசையில் இருந்தவை. 1910 வரை ஒப்பந்தக் கூலியாக, பிறகு 1938இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தும் வரை கங்காணி வழியாக. கப்பல் ஏறியவர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நிலமில்லாத கூலிகள். என் பாட்டி தோட்டத்து லயத்தில் கடைசிவரை நிலக்கடலையை மல்லாட்டை என்றுதான் சொன்னாள். நாங்கள் கச்சான் என்போம், அவள் சொல்லைக் கேட்டுச் சிரிப்போம். செஞ்சிப் பேருந்து நிலையத்தில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா "மல்லாட்ட, மல்லாட்ட" என்று கூவிக்கொண்டு வந்தபோது அந்தச் சொல் எந்த மண்ணிலிருந்து கப்பல் ஏறியது என்று தெரிந்தது. ராஜகிரி உச்சியிலிருந்து கீழே பார்த்தால் தெரியும் அந்த வயல்களில் வேலை செய்தவர்களின் பேரன் பேத்திகளில் சிலர்தான் இப்போது இந்தக் கட்டுரையைக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். நாம் கோட்டைக்குள்ளிருந்து வந்தவர்கள் இல்லை.

இங்கே எனக்கு வரும் எதிர்வாதம் தெரியும், அதை லேசாகத் தள்ளிவிட முடியாது என்பதும் தெரியும். "இந்த நாட்டில் நம்மைப் பார்த்துப் பெண்டாத்தாங் என்கிறார்கள். பாடப்புத்தகத்தில் நமக்கு நாலு வரி. நம்ம பிள்ளைங்க நிமிர்ந்து நிற்க ஒரு ராஜேந்திரனாவது வேண்டாமா? நீங்க வந்து அதையும் பிடுங்கினா எப்படிங்க?" தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னிடம் கிட்டத்தட்ட இப்படியே கேட்டிருக்கிறார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2013 கடைசியில் பூஜாங் பள்ளத்தாக்கில் ஒரு பழைய சண்டியை வீடமைப்பு வேலைக்காக இயந்திரம் வைத்து இடித்துத் தள்ளிய செய்தி வந்தபோது எனக்கும் வயிறு எரிந்தது.

ஆனால் ராஜேந்திரனை வைத்துக் கொண்டு நாம் சொல்வது என்ன என்று கொஞ்சம் நின்று கேட்டுப் பாருங்கள். "நாங்கள் வந்தேறிகள் இல்லை, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கப்பலில் வந்து உங்கள் ஊரைக் கொள்ளையடித்தவர்களின் வாரிசுகள்." இதைச் சொல்லித்தான் பக்கத்து வீட்டுக்காரனிடம் உரிமை கேட்கப் போகிறோமா? 1025 படையெடுப்பில் அள்ளிக்கொண்டு போன பொக்கிஷங்களையும் பெயர்த்துக்கொண்டு போன தோரணத்தையும் சோழர் மெய்க்கீர்த்தியே பெருமையாக அடுக்குகிறது. பூஜாங் பள்ளத்தாக்கின் குடியிருப்பும் வணிகமும் ராஜேந்திரனுக்குப் பல நூற்றாண்டு முந்தியவை. பௌத்தமும் சைவமும் கடல் வழியே வர, உள்ளூர் மக்கள் எடுத்துக்கொண்டு தங்கள் விதத்தில் கட்டியவை. சோழன் அங்கே கட்டியவன் இல்லை, தாக்கியவன். இந்த நாட்டில் நமக்கு உள்ள உரிமைக்குச் சாட்சி வேண்டுமென்றால் காடழித்த நிலமும் ரயில் தண்டவாளமும் போதும். அந்தச் சாட்சியைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் புலிக்கொடியைத் தேடிப் போகிறோம் என்று எனக்குப் படுகிறது. கூலியின் பேரன் என்பதைவிடக் கொள்ளையனின் வாரிசு என்பது கௌரவமாகத் தோன்றுகிறது என்றால், பிள்ளைகளை நிமிர்த்த வேண்டிய இடம் அதுதான்.

இலக்கியத்துக்கு வருகிறேன். இடிபாடுகளைப் பற்றித் தமிழில் எழுதும்போது நமக்குக் கை தானாகப் போகும் தடம் இரண்டு. ஒன்று, கல்கி வழி வந்த ராஜ பரம்பரை. இன்னொன்று, 'கற்கள் பேசின, காற்று கண்ணீர் விட்டது' வகை. இரண்டாவது கொஞ்சம் நவீனமானது, புகைப்படத்தோடு வரும். கற்கள் பேசாது. பேசுவதாக எழுதுகிறவர் அந்தக் கல்லை யார் உடைத்தது, யார் ஏற்றினது என்று தேடும் வேலையிலிருந்து தப்பித்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

செஞ்சியைப் பற்றித் தமிழில் நீடித்து நிற்கும் ஆக்கம் ஒரு கதைப்பாடல். தேசிங்கு ராஜன் கதை. பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைகளில் விற்று, தெருக்களில் பாடி, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த படமாகவும் ஆனது. தேசிங்கு என்று நாம் கூப்பிடும் தேஜ் சிங், முகலாயர் நியமித்த ராஜபுத்திர அதிகாரி சுவரூப் சிங்கின் மகன். அப்பா 1714இல் இறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி மகனும் செத்தான். வயது 22. ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. இருந்தும் 600 ஆண்டுச் செஞ்சியில் தமிழ்ச் சனங்கள் மனதில் தங்கியவன் அவன் ஒருவன்தான். அவனும், கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்துபோய் அவனுக்காகச் செத்த முஸ்லிம் நண்பனும், குதிரையும்.

பாடியவர்கள் அவன் தமிழனா என்று கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாடகர்களுக்கு இருந்த தாராளம் வரலாற்றுப் பெருமிதம் பேசும் பட்டதாரிகளுக்கு இல்லை. இதற்காக அந்தக் கதைப்பாடலை நான் மதிக்கிறேன். அதே சமயம் அது எதை மறைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சண்டைக்குக் காரணம் நவாபுக்குச் செஞ்சி கட்ட வேண்டிய பாக்கி. அந்தப் பணம் தேசிங்கின் பையிலிருந்தா வரப்போகிறது? கட்டினாலும் கட்டாவிட்டாலும் வசூல் ஆகப்போவது கீழேயிருக்கும் வயல்களிலிருந்து. பாட்டில் அந்த வயல்கள் குதிரை ஓடுவதற்கான வெளியாக மட்டும் வருகின்றன. தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறிய இடம் என்று கோட்டைக்குள் செட்டிக்குளத்தருகே காட்டுவார்கள். அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்று ஓர் ஊரே உண்டானது என்பார்கள். ஊர் பெயரிலும் அவள் வெறும் ராணிதான். குதிரைக்கு இருக்கும் பெயர் அவளுக்கு நிற்கவில்லை.

இன்னொரு செஞ்சிக் கதையைத் தமிழ்ச் சமணர்கள் வைத்திருக்கிறார்கள். செஞ்சியை ஆண்ட ஒருவன் ஒவ்வொரு சாதியிலும் பெண் கேட்டானாம். சமணர்கள் தருவதாகச் சொல்லிவிட்டு, அவன் மாப்பிள்ளையாக வந்த அன்று வீட்டைக் காலி செய்து பந்தலில் ஒரு பெட்டை நாயைக் கட்டிவைத்திருந்தார்கள். ஆத்திரத்தில் சமணர் தலைகளை வெட்ட உத்தரவிட்டான். பலர் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு உயிர் தப்பினார்கள். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்ததாகச் சொல்லப்படும் இது எவ்வளவு வரலாறு, எவ்வளவு கதை என்பது ஆய்வாளர்கள் பாடு. ஆனால் செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இருக்கிறது. திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய பாறையும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தியைப் பற்றிய பழந்தமிழ்க் கல்வெட்டும் இருக்கின்றன. கோட்டைக்கு மிக முந்தியது அது. மதிலுக்கு வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குச் செஞ்சி ராஜா எப்படித் தெரிந்தான் என்பதற்கு அந்த நாய்க் கதையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. நம் வரலாற்றுப் புனைவுக்காரர்கள் யாராவது அதை எழுதத் துணிவார்களா? பயம் என்று நினைக்கிறேன். ராஜாவை வில்லனாக்கலாம், அந்நியன் என்றால். எல்லா ராஜாவும் இப்படித்தான் என்று எழுதினால் அட்டைப்படத்துக்கு யாரை வரைவது?

எழுத்தாளர்கள் எல்லோரும் இனி விவசாயிகளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நான் தீர்மானம் போடவில்லை. அதுவும் ஒரு தேய்ந்த தடமாகிவிடும். தோட்டப்புறக் கதைகளில் கங்காணியும் கள்ளுக்கடையும் எப்படித் தேய்ந்தன என்று நமக்குத் தெரியும். நான் கேட்பது பார்வை நிற்கும் இடத்தைத்தான். சி.எஸ். ஸ்ரீநிவாஸாச்சாரி 1943இல் செஞ்சி வரலாற்றை ஒரு முழுநூலாக எழுதினார். ஆட்சியாளர்களின் வரிசை அதில் நுணுக்கமாக இருக்கிறது. அந்த வேலை முடிந்துவிட்டது. இனி எழுத வருகிறவனுக்கு மிச்சமிருப்பது வரிசையில் இல்லாதவர்கள். செஞ்சி வேங்கடரமணர் கோயில் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். இன்று கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான், அதன்முன் செல்ஃபி எடுக்காத மலேசியச் சுற்றுலாக்காரர் இல்லை. ஒவ்வொன்றும் ஒரே கல். சுமார் 70 கிலோமீட்டர், மாட்டு வண்டிக் காலம். எத்தனை ஜோடி மாடு, எத்தனை ஆள், எந்த ஊர் வழியாக, கூலி உண்டா இல்லையா, வழியில் யாராவது நசுங்கினானா? ஒரு நாவலுக்கு இது போதாதா?

சந்திராயன் துர்க்கத்தை ஒட்டி இன்னொரு சிறிய குன்று இருக்கிறது. சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்கள் மூன்று மலை என்று எண்ணி நிறுத்திக்கொள்ளும். பழைய புத்தகங்கள் இதையும் சேர்த்துச் சொல்லும். பெயர் சக்கிலி துர்க்கம். குதிரைக்குச் சேணம், வாளுக்கு உறை, கிணற்றில் நீர் இறைக்கக் கவலைச் சால், காலுக்குச் செருப்பு என்று தோல் இல்லாமல் எந்தக் கோட்டையும் ஒரு நாள் ஓடாது. செஞ்சியில் அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்தவர்களின் சாதிப்பெயர் ஒரு குன்றின்மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதற்குக் கதைப்பாடல் இல்லை, புதையல் கதை இல்லை, ராணி இல்லை, குதிரை இல்லை. போகிறவர்கள் கீழே சாலையோரம் நின்று தென்பக்கம் பாருங்கள். முள் மண்டிய மொட்டைப் பாறை, அதன் தலையில் சிதைந்த சுவர். பேருந்து ஜன்னலிலிருந்தும் தெரியும்.